கடைசி அத்தியாயம் மட்டும் பொய்

அப்ப இந்தத் தடவை சரியா வந்திருக்குன்னுதான் சொல்றீங்க? இல்ல மேடம், காதுல நல்லாவே விழுந்துச்சு. இருந்தாலும் இன்னொரு தரம் சொல்லுங்களேன். ம்... போதும். புத்தகமாப் போடலாம்னு உங்க வாயால வந்துடுச்சுல்ல, இது போதும் எனக்கு.

தண்ணியா? குடுங்க. பஸ் ஸ்டாப்புல இருந்து ஓட்டமும் நடையுமா வந்தேன், அத்தியாயத்தை நீங்க படிச்சு முடிச்சும் எனக்கு இன்னும் மூச்சு அடங்கல. ஒப்பந்தம்னு ஒண்ணு போடணும்னு சொன்னீங்களே, அதை இன்னிக்கே போட்டுடலாமா? நாளைக்கு வாங்கன்னு மட்டும் சொல்லாதீங்க. என்னால நாளைக்கு வர முடியாது. சரி, அந்தப் பொண்ணு டைப் பண்ணி எடுத்துட்டு வரட்டும். நான் இப்படியே உக்காந்திருக்கேன்.

அதுவரைக்கும் நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்றேன். நாவல்ல சண்டையெல்லாம் எப்படி இவ்வளவு நிஜமா வருது, எங்கயாவது போய் கராத்தே கிராத்தே கத்துக்கிட்டீங்களான்னு கேட்டீங்க. ஐயோ, சிரிக்க வைக்காதீங்க மேடம். விலாவுல இன்னும் வலி போகல.

எங்க வீட்டுக்காரருக்குப் பழைய பேப்பர் கடை. பேப்பர், பாட்டில், இரும்பு எல்லாம் எடைக்கு எடுப்பார். முன்னாடி கடை, பின்னாடி ஒரு ரூம், நடுவுல ஒரு திரை. அதுக்குள்ளதான் குடித்தனம். கல்யாணம் ஆகி வந்த மறுநாளே எனக்கு ஒரு வேலை குடுத்துட்டார். வர்ற புத்தகத்துக்கெல்லாம் அட்டையைக் கிழிக்கணும். அட்டை தனி, தாள் தனி. ரெண்டும் கலந்து போனா பேப்பர் மில்லுல எடுக்க மாட்டாங்க. முதுகுப் பக்கம் விரலை விட்டு ஒரே இழுப்பு, பரக்குன்னு வந்துடும். மொதல்ல பாவமா இருந்துச்சு. அப்புறம் கை பழகிடுச்சு.

ஆமா, நான் படிச்சதெல்லாம் அங்கதான். போன தடவை எந்தெந்த எழுத்தாளரைப் படிச்சிருக்கீங்கன்னு கேட்டப்ப நான் திருதிருன்னு முழிச்சேனே, திமிருன்னு நெனச்சிருப்பீங்க. எனக்கு ஒருத்தர் பேரும் தெரியாது மேடம். படிக்க எடுக்கும்போது புத்தகத்துக்கு அட்டை இருக்காது, பேரும் இருக்காது. தோலை உரிச்சது நான்தானே! யார் எழுதினா எனக்கென்ன, உள்ள மந்திரவாதி இருக்கானா, வாள் இருக்கா, பறக்குற மிருகம் ஏதாவது இருக்கா, அதான் பாப்பேன்.

யாராவது ஒருத்தர் செத்துட்டா அந்த வீட்டுல இருந்து மொதல்ல வெளிய வர்றது புத்தகம்தான். கட்டில்கூட அப்புறம்தான் வரும். மூட்டை மூட்டையா வரும். கட்டு அடுக்கின சந்துல உக்காந்து படிப்பேன், தராசுக்குக் கூப்பிட்டா எந்திரிச்சுப் போவேன். மில்லு லாரி எப்ப வரும்னு சொல்ல முடியாது. அதனால கடைசிப் பக்கத்தை மொதல்ல படிச்சிடுவேன். முடிவு தெரிஞ்சிடுச்சுன்னா நடுவுல லாரி வந்து அள்ளிட்டுப் போனாலும் பரவாயில்ல. எத்தனை கதையோட முடிவு எனக்குத் தெரியும்னு நெனைக்கிறீங்க! ஆரம்பம்தான் பாதிக்கு மேல தெரியாது.

குடும்பக் கதையா? அதெல்லாம் தொடவே மாட்டேன். ஒண்ணு ரெண்டு படிச்சேன். புருஷன் கோவமாப் பாத்தானாம், இவளுக்குக் கண்ணு கலங்கிடுச்சாம். பாத்தானாம்! அந்தக் கட்டை அப்படியே லாரியில ஏத்திட்டேன்.

படிக்கிறதை அவர் மொத தடவை பாத்தது ஒரு மத்தியான நேரம். தராசுல ஆள் நிக்குது, நான் கவனிக்கல. கையில இருந்த புத்தகத்தைப் பிடுங்கி அதாலயே முகத்துல விட்டார். கெட்டி அட்டை இருந்திருந்தா பல்லு போயிருக்கும். நல்லவேளை, கிழிச்சு வச்சிருந்தேன். சிரிங்க மேடம், பரவாயில்ல, நானே அதை நெனச்சு எத்தனையோ தடவை சிரிச்சிருக்கேன்.

ஆனா அன்னிக்கு ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டேன். அறை விழுந்தா வலி மொதல்ல வராது. மொதல்ல சத்தம்தான் வரும். அப்புறம் வாய்க்குள்ள துரு மாதிரி ஒரு ருசி. வலி எல்லாம் ஆற அமர, கடைசியாத்தான் வரும். நான் படிச்ச ஒரு கதையிலகூட இது இல்ல. அதுல அடி விழுந்த உடனே ஆன்னு கத்திடுவாங்க. எழுதினவங்க ஒருத்தரும் அடி வாங்கினதில்லன்னு அன்னிக்குப் புரிஞ்சுது. நான் எழுதணும்னு தோணினதே அந்தக் கோவத்துலதான்.

ஆமா, என் நாவல்ல அந்தக் கூலிக்காரப் பொண்ணு மொத மொத அரக்கன்கிட்ட அறை வாங்குற இடம் அதுதான். நிறுத்தி ரெண்டு தடவை படிச்சேன்னு சொன்னீங்களே, அதேதான்.

ரெண்டாவது அத்தியாயத்துல அவ நொண்டிக்கிட்டே வெளிச்ச மூட்டையைச் சுமந்துட்டுப் படியேறுவாளே, அது எடைக்கல். கால் மேல போட்டார். கைதவறி இல்ல. கட்டை விரல் நகம் கறுத்து, வாரக்கணக்குல தொங்கிட்டு இருந்து, ஒரு நாள் செருப்பைக் கழட்டுறப்ப செருப்போடயே வந்துடுச்சு. எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன். மீன் செதில் மாதிரி இருந்துச்சு. எழுதிட்டேன்.

தண்ணியில மூழ்கடிக்கிற அத்தியாயமா? அது கடைக்குப் பின்னாடி இருக்குற டிரம். முடியைக் கையில ஒரு சுத்து சுத்தி உள்ள அமுக்குவார். அதுல ஒரு விஷயம் இருக்கு மேடம், கண்ணை மூடக் கூடாது. மூடினா பயத்துல தண்ணியைக் குடிச்சிடுவோம். திறந்து வச்சிருந்தா டிரம்முக்கு அடியில பச்சையா ஒரு வெளிச்சம் ஆடும். அதையே பாத்துக்கிட்டு இருந்தா கொஞ்ச நேரம் தாக்குப் பிடிக்கலாம். அந்த வெளிச்சத்தை மூட்டையா கட்டி வெளிய எடுத்துட்டு வந்தா எப்படி இருக்கும்னு உள்ள இருந்தப்பதான் தோணுச்சு. சூரியன் இல்லாத நாடு, வெளிச்சத்தை மூட்டை கட்டி எடை போட்டு விக்கிறது, எல்லாமே அங்கதான் பிறந்துச்சு. தலையை வெளிய இழுத்துப் போட்டதும் இருமிக்கிட்டே சிரிச்சிருக்கேன். அதுக்கும் சேத்து ஒண்ணு விழுந்துச்சு.

அரக்கனுக்கு ஏன் ஆறு கைன்னு கேட்டீங்கல்ல? அடிக்கும்போது அது ரெண்டு கைன்னு நம்பவே முடியாது மேடம். முடியை ஒண்ணு பிடிச்சிருக்கும், கழுத்துல ஒண்ணு இருக்கும், வயித்துல ஒண்ணு விழும், கதவை ஒண்ணு சாத்தும், வாயை ஒண்ணு பொத்தும். எண்ணிப் பாத்தா ஆறாவது வேணும். நான் கூட்டிச் சொல்லல.

இன்னொரு சுகம் என்ன தெரியுமா, அரக்கனை அவன் இவன்னு எழுதலாம். வந்தான், நின்னான், செத்தான்னு. எங்க வீட்டுக்காரரை ஒரு நாள்கூட நான் அப்படிச் சொன்னதில்ல. மனசுக்குள்ள நெனச்சாக்கூட அவர்னுதான் வரும்.

போலீஸுக்கா? போனேனே. வெளிய பெஞ்சுல உக்கார வச்சுட்டு, அவருக்கே போன் போட்டு, வந்து கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னாங்க. வந்தார். எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தார். வண்டியில பின்னாடி உக்காந்து அவர் தோளைப் பிடிச்சுக்கிட்டுதான் வீட்டுக்கு வந்தேன். அம்மாகிட்டயும் போய் நின்னேன். அம்மா என் முதுகுக்கு மருந்து போட்டுட்டு, சாயங்காலத்துக்குள்ள போயிடு, இருட்டினா அதுக்கும் சேத்துக் கோவப்படுவாருன்னு சொல்லிச்சு.

எழுதுறது எல்லாம் அவர் சரக்கு எடுக்க வெளிய போற நேரம்தான். ஆபீஸ் பேப்பர் வரும்ல, ஒரு பக்கம் அச்சு, ஒரு பக்கம் காலி, அதுலதான் எழுதினேன். இந்த நாவலை மொத தடவை எழுதி முடிச்சு ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். பெண்கள் குடும்பத்தைப் பத்தி எழுதினா நல்லா வரும்னு பதில் போட்டாங்க. அடப்பாவிகளா, நான் எழுதினது வேற எதைப் பத்தின்னு நெனச்சீங்க? இன்னொருத்தர் நேர்ல வரச் சொன்னார். மந்திரக் கதைன்னா குழந்தைங்க படிக்கிறது, ரத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுட்டு ஒரு பேசுற கிளியைச் சேருங்கன்னார். கிளியையும் அரக்கன் கழுத்தைத் திருகிடுவானே சார்னு கேட்டேன். கதவைத் திறந்து விட்டுட்டார்.

மூணாவதா ஒரு இடத்துக்கு அனுப்பினது தபால்ல திரும்பி வந்துச்சு. நான் உள்ள இருந்தேன், கட்டு அவர் கையில கிடைச்சிடுச்சு. பிரிச்சார். ரெண்டு பக்கம் படிச்சார். அடிப்பாருன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டு நிக்கிறேன். அடிக்கல மேடம். எடுத்துத் தராசுல வச்சார். எடைக்கல்லை மாத்தி மாத்திப் போட்டு, முள்ளு நடுவுல நிக்கிற வரைக்கும் பொறுமையா எடை பாத்து, சரக்கு விலைக்கு எனக்குச் சில்லறை எண்ணிக் கையில குடுத்தார். உன் கதைக்கு இதான் விலைன்னார். மத்தியானம் லாரியில போயிடுச்சு.

அவர் என்னை அடிச்ச அடியெல்லாம் ஒரு பக்கம், அது ஒரு பக்கம். அன்னிக்குத்தான் நான் வாய் விட்டு அழுதேன். தரையில உக்காந்து அழுதேன். அப்புறம் எந்திரிச்சு மறுபடி மொத வரியில இருந்து எழுதினேன். மனப்பாடமா இருந்துச்சு. மறந்து போன இடத்துல உடம்பைத் தடவிப் பாத்தா ஞாபகம் வந்துடும்.

அதைத்தான் உங்ககிட்ட கொண்டு வந்தேன். நீங்க படிச்சீங்க. எனக்குத் தெரிஞ்சு இந்த உலகத்துல அதை முழுசாப் படிச்ச ஒரே ஆள் நீங்க. கூப்பிட்டு அனுப்பி, இதோ இதே நாற்காலியில உக்கார வச்சு, என்ன சொன்னீங்க? அடி வாங்குற இடமெல்லாம் நிஜம், அடிக்கிற இடம் பொய். கடைசி அத்தியாயம் மட்டும் பொய்யா இருக்கு, அது சரியாகாம போட முடியாதுன்னு சொன்னீங்க. எனக்கு நெஞ்சுல விட்ட மாதிரி இருந்துச்சு. ஆனா நீங்க சொன்னது சரி. பஸ்ஸுல போகப் போகவே புரிஞ்சுடுச்சு.

பழைய முடிவு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அரக்கன் முன்னாடி அவ நின்னுக்கிட்டு ஒரு பக்கத்துக்கு வசனம் பேசுவா. நீ செஞ்ச பாவம் அது இதுன்னு. அவன் ஆறு கையையும் கூப்பிக் கெஞ்சுவான். ஒவ்வொரு கையா வெட்டுவா, வானம் வெளுத்துடும். அதெல்லாம் நான் படிச்ச முடிவுங்க மேடம். லாரிக்குப் பயந்து படிச்சேனே, அந்தக் கடைசிப் பக்கங்க. ஒருத்தரை அடிச்சா எப்படி இருக்கும்னு எனக்கு எங்க தெரியும்? ஒரு பூனையைக்கூட விரட்டினதில்ல.

வீட்டுக்குப் போய் எத்தனையோ விதமா எழுதிப் பாத்தேன். வரல. பேப்பர் கட்டு மேல கம்பியால அடிச்சுப் பாத்தேன். தொம்முன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். தலைகாணியை அடிச்சேன். கறிக்கடைக்குப் போய், வாங்குறதுக்கு ஒண்ணும் இல்லாம நின்னுக்கிட்டு, வெட்டுறதையே பாத்தேன். கடைக்காரர் என்னம்மா வேணும் என்னம்மா வேணும்னு கேட்டுட்டே இருந்தார். எதுவும் உதவல. வெட்டுறவர் முகத்துல ஒண்ணுமே இல்ல, கணக்குப் போடுற மாதிரி இருந்தார். எனக்கு வேண்டியது அது இல்ல.

எந்த வரி? ஓ, அதுவா. அவ அடிச்சதும் அரக்கன் அண்ணாந்து கூரையைப் பாத்து, என்ன விழுந்துச்சுன்னு கேக்குறானே, அதா? உங்களுக்கு அது ரொம்பப் பிடிச்சிருக்கா? எனக்கும் அதுதான். இல்ல மேடம், அப்படியெல்லாம் யோசிச்சு எழுத எனக்கு வராது. யோசிச்சா அவனைக் கெஞ்ச விடுவேன், இல்ல சாபம் குடுக்க விடுவேன்.

அவர் அப்படித்தான் கேட்டார்.

பரண் மேல கட்டு அடுக்கி வச்சிருக்கோம், அதுல இருந்து ஏதோ சரிஞ்சுடுச்சுன்னு நெனச்சுட்டார். இன்னிக்குக் காலையிலதான். கட்டு கட்டிக்கிட்டு இருந்தோம். அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கிட்டு நல்லாத்தான் இருந்தார். ரெண்டு மூணு நாளா கையே ஓங்கல, டீகூட அவரே வாங்கிட்டு வந்து குடுத்தார். முடிச்சு மேல விரலை வைன்னார். வச்சேன். விரலோட சேத்து இறுக்கிட்டுச் சிரிச்சார். விளையாட்டுக்குத்தான். இதோ பாருங்க, தடம் இருக்கு. விரலை உருவிக்கிட்டேன். அவர் அடுத்த கட்டுக்குக் குனிஞ்சார். பக்கத்துல இரும்பு குமிஞ்சு கிடக்கு. பழைய இரும்பு எடுக்குற கடையில ஆயுதத்துக்கா பஞ்சம்? ஒரு கம்பியை எடுத்தேன்.

கோவமா? அதைத்தான் நான் உங்ககிட்ட சொல்லணும்னு நெனச்சேன். கோவம் இல்ல மேடம். இத்தனை வருஷத்துல கோவம் வந்த நாள் எத்தனையோ இருக்கு, அன்னிக்கெல்லாம் கை எந்திரிக்கல. இன்னிக்கு எனக்குக் கடைசி அத்தியாயம்தான் மனசுல ஓடிக்கிட்டு இருந்துச்சு. எப்படித்தான் இருக்கும்னு ஒரே ஒரு தடவை பாத்துடலாம்னு தோணுச்சு. அதை இப்ப நெனச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு.

மொத அடிக்கு அவர் விழவே இல்ல. தலையைத் தடவிக்கிட்டு மேல பாத்தார். என்ன விழுந்துச்சுன்னார். அப்புறம் என்னைப் பாத்து, ஒழுங்கா அடுக்க மாட்டியான்னு திட்டினார். என் கையில கம்பி இருக்கு. அதைப் பாக்குறார், பாத்துக்கிட்டே திட்டுறார். நான் அடிச்சிருப்பேன்னு அவருக்குத் தோணவே இல்ல மேடம். இத்தனை வருஷம் கூட இருந்தவருக்கு அது தோணல. அது என்னமோ என்னைச் சுட்டுடுச்சு. அதுக்கப்புறம் விழுந்த அடியெல்லாம் நாவலுக்காக இல்ல. அது என்னோடது.

பேசாம உக்காருங்க மேடம், உங்களை ஒண்ணும் செய்ய மாட்டேன். இல்ல, மூச்சு இல்ல. கிட்டப் போய்ப் பாத்தேன், மூக்குல விரலை வச்சும் பாத்தேன். ஷட்டரைப் பாதி இறக்கிட்டு அங்கயே கட்டு மேல உக்காந்து எழுதினேன். ஆறிப் போறதுக்குள்ள எழுதிடணும்ல? எழுதி முடிச்சதும் பசிச்சுது. நல்ல பசி. அதான் அவ கடைசியில வெளிச்ச மூட்டைப் பக்கத்துல உக்காந்து ரொட்டியைப் பிச்சுத் திங்கிறா. அதை எடுத்துடலாமான்னு கேட்டீங்கல்ல, எடுக்காதீங்க. அது நடந்தது.

போனை வச்சிடுங்க மேடம். யாருக்கும் சொல்ல வேண்டாம், நானே போலீஸுக்குப் பண்ணிட்டேன். பஸ் ஏறுறதுக்கு முன்னாடி முனைக்கடையில இருந்து பேசினேன். எங்க இருக்கம்மான்னு கேட்டாங்க, இந்த ஆபீஸ் விலாசத்தைத்தான் குடுத்தேன். உங்களுக்குச் சிரமம்தான், மன்னிச்சிடுங்க. எனக்கு வேற போறதுக்கு இடம் இல்ல. நீங்க சரின்னு சொல்றதைக் காதால கேக்காம என்னால உள்ள போய் உக்கார முடியாது. பொய்யா இருக்குன்னு மறுபடியும் சொல்லியிருந்தீங்கன்னா என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியல.

டைப் பண்ணப் போன பொண்ணு வந்துடுச்சு பாருங்க. பயப்படாதம்மா, கொண்டா. ரெண்டு பிரதியா? எங்க போடணும், இங்கயா? எல்லாப் பக்கத்துலயுமா? வாசல்ல வண்டி நிக்கிற சத்தம் கேக்குது மேடம், படிச்சுப் பாக்கவெல்லாம் நேரம் இல்ல, நீங்க ஏமாத்த மாட்டீங்க. எதுக்கு அழறீங்க? நல்லா வந்திருக்குன்னு சொன்னீங்கல்ல. பேனா குடுங்க.